கவிழ்த்து வைத்த கறிச்சட்டி

இஸ்ரேலில் நான் பார்த்துக்கொள்ளும் ரூத் அம்மா யூதர். கறியும் பாலும் கலக்கக் கூடாது என்பது அவர்கள் மத வழக்கம்; இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனி சிங்க். இன்று தயிர்க் கரண்டியைக் கறி சிங்க்கில் போட்டுவிட்டேன். அவர் பதறிய பதற்றத்தில் எங்கள் உறையூர் வீட்டுக் கொல்லை கண்முன் வந்து நின்றது.

சைவ வீட்டில் பிறந்த அம்மா கறியைத் தொடமாட்டாள். ஞாயிறுதோறும் அப்பாவே கொல்லையில் அடுப்பு மூட்டி, மண்சட்டியில் ஆட்டுக்கறி வைப்பார். மிளகு வாசனை தெருவரை போகும். அவர் சாப்பிட்டு முடித்ததும், மோர்ச்செம்பு அவர் டம்ளரில் பட்டுவிடாமல் அம்மா உயரத்திலிருந்து ஊற்றுவாள்.

“இன்னும் மேல போனா மாடிலேருந்துதான் ஊத்தணும்,” என்பார் அப்பா, சட்டையில் தெறித்த மோரைத் துடைத்தபடி.

“பேசாம குடிங்க,” என்பாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பிறகு அவரே சாம்பல் போட்டுச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்ப்பார்.

அப்பா இறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அந்தத் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒரு கணம் அப்பா என்றே நினைத்து ஓடினேன். அம்மா உட்கார்ந்து அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“தூசி ஏறிக் கெடக்குது. பாக்க முடியல,” என்றாள்.

ரூத் அம்மாவின் கணவர் இறந்தபின் இங்கே கறி சமைப்பதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் கறிப் பாத்திரங்களைத் துடைக்கச் சொல்வார். துடைத்துக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்.