வக்கீலம்மாவுக்கு வைத்த ஃபிளெக்ஸ்

எங்கள் மலையூரான நாகலூரில் பஸ் திரும்புகிற வளைவில் அந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆளுயரத்துக்கு வக்கீலம்மாவின் முகம். தலைக்கு மேலே கிறிஸ்துமஸ் நட்சத்திரம். 'எங்கள் ஊருக்கு வருகை தந்திருக்கும் சீனத்து வீராங்கனையே, வருக வருக!' என்று சிவப்பு எழுத்து. கீழே ஊர்ப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் பாஸ்போர்ட் போட்டோவில் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்றாவது ஆள் நான். நான் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற படம்.

வக்கீலம்மா தன் நாட்டில், தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர்களுக்காக வாதாடியவர். உரிமத்தைப் பிடுங்கினார்கள், சிறையில் வைத்தார்கள். வெளியே வந்ததும் தப்பித்து ஐரோப்பாவில் அடைக்கலம் புகுந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. தன் நாட்டில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்களின் குடும்பங்களோடு தினமும் காலையில் போனில் பேசி, யாரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுதிவைப்பதே அவருக்கு வேலை. அவர் எழுதிய புத்தகத்தை நான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக்கொண்டிருந்தேன். சந்தேகம் கேட்டு மெயில் போட்டு அலுத்துப்போய், ஒரு மாதம் இங்கே வந்து இருங்களேன் என்று எழுதினேன். வந்துவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தான் எங்கே இருக்கிறோம் என்று வெளியே தெரியக் கூடாது; படமும் கூடாது. சொந்த ஊரில் அவருடைய வயதான அம்மா தனியாக இருந்தார். மகளின் பெயர் எங்காவது அடிபட்டால் போலீஸ் அம்மாவின் கதவைத் தட்டும். அடிபடாதவரைக்கும், ஞாயிறு மத்தியானம் பத்து நிமிடம் இருவரும் போனில் முகம் பார்த்துக்கொள்ளலாம். சாப்பிட்டாயா, அங்கே குளிரா, முட்டிவலி எப்படி இருக்கிறது, அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். மாதம் முழுக்க அவர் ஆசையாகச் செய்தது அந்த ஏணியில் ஏறியதுதான்.

அதைக் கெடுத்தவள் நான். ஒரு மாதம் வாயைக் கட்ட என்னால் முடியவில்லை.

பக்கத்து எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் ரைட்டர் ஒருநாள் வழியில் நிறுத்தினார். சர்ச் கமிட்டியிலும் அவர்தான் முன்னால் நிற்பவர்.

"ஏனுங்க டீச்சர், உங்கூட்டுக்கு வந்திருக்கற அந்தம்மா எஸ்டேட்டு வாங்க வந்திருக்குதுன்னு பேசிக்கறாங்க. நெசமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள்கூட நான்கு நாட்களாக அவரை ஒரு மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரைப் பார்த்து என்ன பேச்சு! அவர் யார், எதற்காக ஜெயிலுக்குப் போனார் என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அப்புறம்தான் யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். சீனாவில் தனியாக இருக்கும் அவருடைய அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் மூச்சு விட்டிருக்க மாட்டார்.

"எங்கள மாதிரி சனத்துக்காகவுங்களா? நொம்பப் பெரிய மனசுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் மரியாதை என்றால் அது மனதுக்குள் இருந்தால் போதாது, ஃபிளெக்ஸில் ஏற வேண்டும். காதுகுத்தா, ஃபிளெக்ஸ். பையன் பத்தாவது பாஸா, ஃபிளெக்ஸ். பறிக்கிற பெண்களோடு வக்கீலம்மா பேசிக்கொண்டிருந்தபோது ரைட்டர் தூரத்திலிருந்து செல்லில் படம் பிடித்திருக்கிறார். நான் போய்க் கத்தியதும், "பேரு போடலைங்களே டீச்சர்" என்றார், ரகசியத்தைப் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டவர்போல. எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

அன்றைக்கே கிழித்து இறக்கினோம். என்ன பிரயோஜனம்? டூரிஸ்டுகள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்திருந்தார்கள். சர்ச் பையன்கள் ஃபேஸ்புக்கில் ஏற்றி, அது எங்கெங்கோ போய்விட்டது. வக்கீலம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிமேல் ஏறினார். நான் கீழே துணி உலர்த்துகிற மாதிரி நின்றேன். அம்மா எடுத்தார். ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை கேட்டது, அத்தோடு சரி. வக்கீலம்மா மறுபடி மறுபடி அழைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இனிமேல் கூப்பிடாதே என்கிறாள். பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான், தோள் மட்டும் தெரிந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுநாளே பெட்டியைக் கட்டினார். ரைட்டர் வாசலில் வந்து நின்றார். அம்மாவைப் பற்றி எல்லாவற்றையும் முந்தின நாளே நான் அவரிடம் சொல்லியிருந்தேன். ரைட்டரின் முகம் அழுது வீங்கிக் கிடந்தது. வக்கீலம்மா என்னிடம் திரும்பி, "நான் யாரென்று இவருக்கு எப்படித் தெரிந்தது? கேளுங்கள்" என்றார். அதில் கோபம் இல்லை. காரணம் தெரிந்தால் போதும் என்ற களைப்புதான் இருந்தது.

நான் தமிழில் கேட்டேன். ரைட்டர் என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார்.

"நானேதானுங்க செல்லுல தேடிக் கண்டுபுடிச்சேன். வேற ஆரும் சொல்லலைங்க. என் தப்புதானுங்க. அவங்கம்மாகிட்ட ஒரு நாளைக்குப் பேச முடிஞ்சா, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லச் சொல்லுங்க டீச்சர்."

வக்கீலம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ரைட்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன்.