முந்தின நாள் கையெழுத்து

பேய், ஆவி எதையும் நம்பினவன் இல்லை நான். என் பயமெல்லாம் பிரேக், டயர், மண்சரிவு, இப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டுகிறேன், எதற்கெடுத்தாலும் பதறித் தோள் துண்டை முறுக்குவேன், ஊரே கேலி பண்ணும். இதைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

முத்தையா என் கூட்டாளி, காப்பித் தோட்டத்தில் வேலை. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, மாதக்கணக்காக வெறும் வயிற்றில் கடுங்காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தான். அன்று காலை மிளகுக்கொடி அடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். சுகாதார நிலையத்தில் நர்சம்மா தொட்டுப் பார்த்து, "வயிறு பலகை மாதிரி கெடக்கு. கீழ போயி வெரசா சிடி ஸ்கேன் எடுங்க" என்று சீட்டுக் கொடுத்தார்.

அவனை ஜீப்பில் படுக்கவைத்து மலை இறங்கினேன். வழியில் பெரும்பாறை ஊரைத் தாண்டினதும் எழுந்து உட்கார்ந்தான்.

"மாப்ள, வலி போயிருச்சுடா. வண்டியத் திருப்பு."

"நர்சம்மா சொன்னாங்கல்ல, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."

"ஏலே, வயிறு எனக்கா உனக்கா? உன் மூஞ்சியப் பாத்தா எளவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஒரு நாள் பதறாமல் இருந்து பார்ப்போமே என்று தோன்றியது. திருப்பிவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே வயிறு உப்பி, வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தான். அதே ஜீப், அதே ரோடு. ஸ்கேன் சென்டர் கவுண்டரில் இருந்த பெண், முத்தையா பெயரைச் சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து மத்தியானமே வந்தீங்களேண்ணே. துண்ட முறுக்கிக்கிட்டு, சீக்கிரம் பாருங்கம்மான்னு கெஞ்சுனீங்க. பேரக் கூப்புட்டா ரெண்டு பேரையும் காணோம்."

"நாங்க வரவே இல்லம்மா."

ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஊசி மருந்து ஏற்றிப் படம் எடுக்கச் சம்மதம் என்று கூட வந்தவர் கையெழுத்துப் போடும் தாள். மேலே முத்தையா பெயரும் முந்தின நாள் தேதியும், கீழே என் கையெழுத்து. எழுத்துகளைத் தனித்தனியாக நிறுத்தி, கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு இழுப்பேன், பள்ளிக்கூடத்தில் பழகினது. நம்பினால் நம்புங்கள், அந்தக் கோடும் இருந்தது.

டாக்டர் படத்தைக் காட்டினார். "குடலுக்கு வெளிய கறுப்பா நிக்குதுல்ல, அது காத்து. இரைப்பை முடிஞ்சு குடல் ஆரம்பிக்கிற எடத்துல ஓட்டை விழுந்திருக்கு. நடுவுல வலி கொறஞ்சுச்சா?"

தலையாட்டினேன்.

"அது அப்படித்தான் ஏமாத்தும். நேத்தே வந்திருந்தா..." என்றவர் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

ஆபரேஷன் செய்தார்கள். மூன்றாம் நாள் முத்தையா போய்விட்டான்.

மனசு கேட்காமல் ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடம் போனேன், வேறு யாரையாவது பார்த்திருப்பாயம்மா என்று. "இல்லண்ணே, அந்த வலியிலயும் அவரு உங்க மூஞ்சியத்தான் கேலி பண்ணிட்டு இருந்தாரு" என்றாள்.

வண்டியைத் திருப்பாத ஒருத்தன், என் துண்டோடும் என் பதற்றத்தோடும் அன்றைக்குக் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறான். பெரும்பாறையைத் தாண்டும்போதெல்லாம் அவன் நினைப்புத்தான். அவன் கூட்டிக்கொண்டு போன முத்தையா பிழைத்தானா என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.