முடிக்காத விரதம்

விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறேன். மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நான் மட்டும் "இன்னைக்கு விரதம்" என்பேன். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, சனி பெருமாளுக்கு. பக்தியான பெண் என்று பெயர் வாங்கினேன். உண்மையில், தின்றால் பெருத்துவிடுவேனோ என்று சோற்றைக் கண்டாலே பயம்.

ஒருநாள் பக்கத்தில் வேலை செய்யும் மேரி அக்கா மெதுவாகக் கேட்டார். "நாங்களும் உபவாசம் இருப்போம், சாயங்காலம் முடிப்போம். நீ எப்பம்மா முடிப்ப?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "ஆஸ்பத்திரியில மனநல டாக்டர பாக்கலாம், நானும் வரேன்" என்றார்.

இது நோய், குணமாகும் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் போனேன். பயம் இன்னும் சில நாள் எட்டிப் பார்க்கிறது.

நேற்று திங்கட்கிழமை. மேரி அக்காவுக்கு ஒரு கை புளிச்சோறு கொடுத்துவிட்டு, மீதியை நான் சாப்பிட்டேன். சிவன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.