சத்தம் கம்மியான தொடர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் செல்போனில் ஒரு கொலைக் கதைத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் படியேற ஆரம்பித்தால் விரலால் ஒரு தட்டு, மனிதர் மாடியில் இருப்பார். யாராவது யோசித்தால் இன்னொரு தட்டு. "செம ஸ்லோம்மா, தாங்கல" என்று போனை என்னிடம் நீட்டினாள். அது சுட்டது. அந்தச் சூட்டில் எனக்கு அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளை டீவி ஞாபகம் வந்துவிட்டது. ஷட்டர் வைத்த டீவி. கொஞ்ச நேரம் ஓடினாலே மண்டை சூடாகி, தூசி கருகும் வாசனை கிளம்பும்.

அப்போது நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் டைப்பிஸ்ட். மாவட்டம் பிரித்து அதிக காலம் ஆகவில்லை. நானும் ஆபீசும் சேர்ந்தேதான் வேலை பழகினோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு துப்பறியும் தொடர் போடுவார்கள். கிணற்றில் ஒரு பெரிய மனிதர் செத்துக் கிடப்பார். அதைக் கண்டுபிடிக்க வந்த இன்ஸ்பெக்டருக்கு அவசரம் என்பதே கிடையாது. டீ ஆறும்வரை உட்கார்ந்திருப்பார். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். பின்னணி இசை மருந்துக்கும் இருக்காது. கதவு திறக்கிற சத்தத்துக்கே நாம் திரும்பி நம் வீட்டுக் கதவைப் பார்ப்போம். போதாததற்கு மலை குறுக்கே நிற்பதால் எங்கள் ஊர் டீவியில் ஒவ்வொருவர் பக்கத்திலும் இன்னொரு மங்கல் உருவம் ஒட்டிக்கொண்டே வரும். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, "பின்னால ஒருத்தன் நிக்கிறான் பாரு, அவன்தான்!" என்று வாராவாரம் அலறுவாள். என் லட்சணமும் அதேதான். புதன்கிழமை காலை ஆபீசில் கொலைகாரனை அறிவித்துவிடுவேன், அடுத்த வாரமே அது பொய்த்துப்போகும்.

அம்மா ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பாட்டு போட்டால் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறவள், இதற்கு மட்டும் முந்தியே வந்து கதவோரம் உட்கார்ந்துவிடுவாள். அம்மாவுக்கும் எனக்கும் உயர்ந்த ரசனை என்று நான் மெச்சிக்கொண்டேன். ஒருநாள் சரோஜா அக்கா, "ஏன் கமலாம்மா, அந்த டாக்டர் நல்லவனா கெட்டவனா?" என்று கேட்டாள். அம்மா விழித்தாள்.

"எந்த டாக்டரு?"

பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். "இதுல சத்தம் கம்மிடி. ஏழுமலை கூப்ட்டா காதுல விழும்."

அண்ணன் சேகர் லாரி ஓட்டினான், பம்பாய், நாக்பூர் லைன். எங்கே இருந்தாலும் செவ்வாய் சாயங்காலம் நாலு வீடு தள்ளி இருந்த ஏழுமலை அண்ணன் மளிகைக் கடைக்குப் போன் போடுவான். அவர் வாசலில் நின்று குரல் கொடுப்பார், அம்மா ஓடுவாள். புரட்டாசியோடு அந்தப் போன் நின்றுபோனது. லாரி ஓனருக்கும் தகவல் இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் அம்மா கண்ணை டீவியிலும் காதைத் தெருவிலும் வைத்து உட்கார்ந்திருந்தாள். தெரிந்த பிறகு எனக்கும் கதை ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் பேசாமல் இருக்கும்போதெல்லாம் நானும் தெருவைத்தான் கேட்டேன்.

தொடரின் கடைசி வாரம் பௌர்ணமியில் வந்து விழுந்தது. கிரிவலக் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு போகிறது. மைக் செட், பீப்பி, கற்பூரப் புகை. அம்மா காலையிலிருந்தே சரியில்லை. "இந்தச் சத்தத்துல எப்டிடி கேக்கும்?" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். கொலைகாரன் யார் என்று இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கிற நேரம், அம்மா எழுந்து ஓடினாள். ஏழுமலை அண்ணன் கூப்பிட்டது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். கடை இருந்தது கூட்டம் வருகிற பக்கம். கிரிவலப் பாதையில் பௌர்ணமியன்று எதிரே நடப்பது எங்கள் ஊரில் பாவம் மாதிரி. அம்மா ஆயுசில் அப்படி நடந்தவள் இல்லை. "எம்மா, எதிர்ல வராதம்மா!" என்று திட்டுகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

ரிசீவர் பருப்பு மூட்டை மேல் கிடந்தது. எடுத்தால் கொர்ரென்றது.

"சேகருதாம்மா. அதுக்குள்ள கட்டாய்ட்ச்சு" என்றார் ஏழுமலை அண்ணன்.

"என்ன சொன்னான்?"

"நல்லா இருக்கேன்னான்."

"குரலு எப்டி இருந்துச்சு?"

"கணீர்னு இருந்துச்சும்மா."

"வேற?"

"உன்னைத்தான் கேட்டான்."

"வேற?"

அவருக்கு வேர்த்தது. "கார்த்திகைக்கு முன்னபின்ன வந்துடுவானாம். நீ அழாம போம்மா."

அன்று அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். தொடரில் கொலைகாரன் யார் என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அண்ணன் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தான், காலில் கட்டோடு. நாக்பூர் தாண்டி வண்டி கவிழ்ந்து, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். சாப்பிடும்போது சொன்னான். "நர்ஸம்மா கிட்ட கெஞ்சி ஒரு தடவ போன் போட்டேன். 'அண்ணா, சேகரு'ன்னேன், கட்டாய்ட்ச்சு. ஒரு வார்த்தை பேச முடியல. நீங்க என்ன பாடு பட்டீங்களோன்னு அங்க படுத்துகினே அழுதேன்."

எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குற்றவாளியைச் சரியாகப் பிடித்திருந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் நிதானமாக அவனுக்கு ரசம் ஊற்றினாள். மறுநாள் அதிரசம் சுட்டுத் தூக்குப்பாத்திரம் நிறைய வைத்து என் கையில் கொடுத்தாள்.

"ஏழுமலை கிட்ட குடுத்துட்டு வா. ஒண்ணும் கேக்காத."

நான் கேட்கவில்லை. அவரும் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "சேகரு கால் எப்டி இருக்கு?" என்றதோடு சரி.

இப்போது ஏழுமலை அண்ணன் இல்லை, அம்மாவும் இல்லை. கடை இருந்த இடத்தில் வெளியூர்க் கார்கள் நிற்கின்றன. திங்கட்கிழமை காலை சென்னை பஸ் ஏறிய மகள் ராத்திரிவரை போனை எடுக்கவில்லை. கடைசியாக எத்தனை மணிக்கு அவள் போனைப் பார்த்தாள் என்று என் போன் துல்லியமாகச் சொன்னது. அதையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணீர்னு பேசினாள், உன்னைத்தான் கேட்டாள் என்று எனக்காகப் பொய் சொல்ல, நடுவில் ஒரு மனுஷர் இல்லை.