பூஜைத் தட்டில் சாவி, வேன் முகப்பில் எட்டு விளக்கு

வண்டிக்குக் கூடுதல் விளக்கு மாட்டும் தொழிலில், விளக்கை மாட்டுவது அரை நாள் வேலை. அதற்குக் கரண்ட் எங்கேயிருந்து எடுக்கவேண்டும் என்று வண்டிக்காரருக்கு விளங்கவைப்பது ஆயுள் வேலை. பள்ளிகொண்டாவில் சர்வீஸ் ரோடு ஓரமாக முப்பத்தொரு வருஷமாக இதைச் செய்கிறேன். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் ஒயர் பிடிக்கிறவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சரியானதைச் சொல்லி, அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

மீதி ஆறு விளக்கு

சம்பத் என்று ஒருவர், சொந்த வேன் வைத்திருப்பவர். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து பதினெட்டுப் பெண்களைத் தினமும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு ஏற்றிப்போகிறார். எட்டரைக்கு அங்கே கேட்டை மூடிவிடுவார்கள். எட்டு முப்பத்தொன்றுக்குப் போனால் மதியம்தான் உள்ளே விடுவார்கள், அரை நாள் சம்பளம் போய்விடும். அப்படிப்பட்ட வண்டி காலையில் ஸ்டார்ட் ஆவதுதான் முக்கியம் என்று நான் நினைத்தேன். சம்பத் விளக்குதான் முக்கியம் என்று நினைத்தார். லாங் பஜாரில் எட்டு விளக்கு வாங்கிவந்தார். பாதை தெரிய இரண்டு போதும். மீதி ஆறும் எதிரே வருகிறவனுக்குப் பாதை தெரியாமல் இருக்க.

பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், அதன் தொடக்கத்திலேயே ஃபியூஸ், பிறகு ரிலே என்கிற சின்னக் கறுப்புப் பெட்டி. அந்த ரிலேயை வேலை செய்யவைக்க ஒரு மெல்லிய ஒயர். அந்த மெல்லிய ஒயருக்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்திலிருந்து லைன் எடுக்கவேண்டும். விளக்கு சுவிட்சை அணைக்க மறந்தாலும், சாவியை எடுத்ததும் எல்லாம் அணைந்துவிடும், பேட்டரி பிழைக்கும். அப்படித்தான் கொடுத்தேன். தரையைப் பார்த்தபடி இரண்டு முறை விளக்கியும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு சம்பத் சொன்னார்:

"வண்டி என்னுது, பேட்டரி என்னுது, லைட்டும் என்னுது. நடுவுல சாவிக்கு இன்னாணா வேலை?"

ஒன்பது தபா

சாவி லைன் எது என்று ஒயரின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொட்ட வண்டிகள்தான் பிறகு என்னிடம் வருகின்றன. நான் டெஸ்ட் லாம்ப், அதாவது கரண்ட் இருந்தால் எரிகிற சின்ன பல்பு, வைத்துப் பார்ப்பேன். சாவி இல்லாமல் மூன்று முறை, சாவி போட்டு மூன்று முறை, இன்ஜினை ஸ்டார்ட் செய்து மூன்று முறை. குறைக்கமாட்டேன்.

ஆம்பூர் தோல் மண்டிக்காரர் ஒருவர் காரைக் கொண்டுவந்தார். அவருடைய மச்சான், செல்போன் சார்ஜ் போடுகிற இடத்திலிருந்து விளக்குக்கு லைன் எடுத்திருந்தார். அந்தக் காரில் அந்த இடத்துக்குச் சாவி எடுத்த பிறகும் கரண்ட் வரும். இரண்டு மாதத்தில் நான்கு முறை காரைத் தள்ளியிருக்கிறார்கள். நான் சரியான ஒயரைத் தேடிப்பிடித்து என் கணக்குப்படி பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டிக்காரர் பக்கத்திலிருந்த மச்சானிடம் மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்கிற அளவு மெதுவாக:

"ஒம்போது தபா பார்த்துட்டார்டா. உனக்குப் பொண்ணு பார்க்கப் போனப்போகூட நாம ஒரு தபாதான் பார்த்தோம்."

போகாத ஃபியூஸ்

குடியாத்தத்திலிருந்து லுங்கி கட்டுகளை ஏற்றிப்போகிற மினி லாரிக்காரர். முன் விளக்கின் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் முறுக்கிவிட்டிருந்தார். எங்கேயோ ஒயர் பாடியில் உரசுகிறது என்று ஃபியூஸ் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சொன்னவனை வேலையைவிட்டு நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் லாரியில் மட்டும் இல்லை.

என்னிடம் வந்தபோது டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர்கள் உருகி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினோரு ஒயர். இனிமேல் ஃபியூஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள் என்றேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம்:

"ஃபியூஸ் போட்டிருந்தப்போ வாரத்துக்கு ஒண்ணு போச்சு. எடுத்த பொறவு ஒண்ணுகூடப் போகலியே."

சாமி காலடியில் சாவி

ஆயுத பூஜை காலையில் சம்பத் கடைக்கு வந்து என்னைக் கையோடு கூட்டிப்போனார். வேனுக்கு வாழைக்கன்று, மாலை எல்லாம் கட்டியாகிவிட்டது. சாவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தட்டில், சாமி படத்துக்கு முன்னால் வைத்தாகிவிட்டது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கும்வரை அந்தச் சாவியைத் தொடக்கூடாது. ஆனால் பூஜை நடக்கும்போது எட்டு விளக்கும் எரியவேண்டும். அடுத்த தெரு வேனில் எரிகிறதாம்.

சாவி போடாமல் எரியாது என்றேன். சாமி காலடியில் வைத்ததை எடுக்கச் சொல்கிறாயா என்று சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். பன்னிரண்டு பேர். எனக்கு நாலு பேரே அதிகம். அந்த மெல்லிய ஒயரைச் சாவி லைனிலிருந்து கழற்றிப் பேட்டரியில் நேராகக் கொடுத்தேன். தெரிந்தே செய்தேன். நாளைக்கே கடைக்கு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். சம்பத்தின் மனைவிக்கு என் முகம் என்னவோபோல் தெரிந்திருக்கவேண்டும்:

"ஒரு நாளு தானேணா. வண்டியை சாமி பார்த்துக்கும், வுடுங்க."

பதினெட்டு பேர்

சாமி பார்த்துக்கொள்ளவில்லை. சம்பத்தும் மறுநாள் வரவில்லை, மாமனார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டார். பூஜை முடிந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டி நிறுத்தியவர், இரண்டு மாதப் பழக்கத்தில் விளக்கு சுவிட்சைத் தொடாமல் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சாவியை எடுத்தால் விளக்கு அணையும் என்று அவரைப் பழக்கியவன் நான்தான். நல்ல வெயில், விளக்குகளின் மேல் மாலை. எரிந்தது யாருக்கும் தெரியவில்லை.

விஜயதசமி கழிந்து வேலைக்குப் போகவேண்டிய காலையில் வேன் ஒரு முறைகூட உறுமவில்லை. ஏறி உட்கார்ந்திருந்த பெண்கள் இறங்கி, டிபன் பையை வண்டிக்குள் வைத்துவிட்டு மூன்று முறை தள்ளினார்கள். பிறகு பஸ் பிடித்து, எட்டு ஐம்பதுக்கு ஆம்பூரில் மூடிய கேட்டைப் பார்த்தார்கள். அன்று சாயந்திரம், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிய வேன் பதினெட்டு பேரோடும் என் கடை வாசலில் வந்து நின்றது. வேறு வேன் பார்த்துக்கொள்வதாக அவர்கள் வழியிலேயே சொல்லிவிட்டார்களாம். சம்பத் இறங்கியதும் என்னைக் காட்டி, "இவர்தான் மாத்திக் குடுத்தாரு" என்றார். பொய் இல்லை. நான் ஒயரைப் பழையபடி சாவி லைனில் கொடுத்து, ஒன்பது முறை பார்த்தேன். பதினெட்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காஞ்சனா என்கிற பெண், தையல் பிரிவில் வேலை செய்கிறவர், ஜன்னல் வழியாக ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். சாவி தட்டில் இருந்தது, எடுக்கக்கூடாது என்றார்கள் என்று பேட்டரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.  அதற்கு அவர் சொன்னார்:

"ஏன் பெரியவரே, வண்டி வாங்கும்போதே ரெண்டு சாவி தர்றாங்களே. ஒண்ணை சாமிகிட்ட வெச்சுட்டு, இன்னொண்ணை வண்டியில போட வேண்டியதுதானே? இனிமே அந்த ரெண்டாவது சாவி எங்கிட்ட இருக்கட்டும். அப்படின்னா இந்த வேன்ல வர்றோம்."

ஒயர், ரிலே, ஃபியூஸ், மாட்டிய விளக்கு, வேடிக்கை பார்த்த ஆட்கள் என்று எல்லாவற்றையும் முப்பத்தொரு வருஷமாக எண்ணிக்கொண்டே வந்தவனுக்கு, இரண்டு வரை எண்ணக் கற்றுக்கொடுக்க ஒரு வேன் நிறைய பெண்களின் அரை நாள் சம்பளம் செலவாகியிருக்கிறது.