மச்சம் இருந்த இடம்

அன்னவாசலில் என் ஸ்டுடியோவில் இருக்கும் கம்ப்யூட்டரைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. கிழட்டு மெஷின். படம் திருத்தும் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றிய நாளிலிருந்து திரையில் கருப்புப் புள்ளிகளைத் தெளிக்க ஆரம்பித்தது. பிரஷ் போன இடமெல்லாம் கடுகு சிதறியதுபோல் புள்ளிகள். படத்தைப் பெரிதாக்கினால் சில மறையும், சில மறையாது. பிரிண்ட் போட்டால் மட்டும் சுத்தமாக வரும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சனியன் ஹார்ட் டிஸ்க். கல்யாண ஆல்பங்களால் நிரம்பிக் கிடந்தது. புதிதாக ஒரு படத்துக்கு இடம் தராது. எனவே கொண்டுவருகிறவர்களின் மெமரி கார்டிலேயே படத்தைத் திறந்து, அங்கேயே திருத்தி, அங்கேயே சேவ் செய்வேன். மெஷின் எப்போது அப்படியே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. அதற்காக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என் விரல் தானாகக் கன்ட்ரோல் எஸ் அழுத்தும். இந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஒரு நாள் காலை, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார். கைக்குட்டையில் முடிந்திருந்த மெமரி கார்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்க வீட்டுக்காரவுக படம் வேணுங்க. பெருசா, கண்ணாடி போட்டு. போனு கீழ விழுந்து போச்சு. இது மட்டுந்தான் இருக்கு."

கல்யாணப் படங்கள் புயலில் கூரையோடு போய்விட்டனவாம். ஆதார் அட்டையில் இருப்பது யார் முகமாகவும் இருக்கலாம். கார்டில் கணவர் முகம் தெரிகிற படம் ஒன்றுதான் இருந்தது. கடலைக் கொல்லை வரப்பில் நின்றுகொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"நாளைக்கு வாங்க, தந்துர்றேன்" என்றேன்.

அன்று மெஷினுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, அந்த முகம் முழுக்கப் புள்ளிகள். மூடித் திறந்தேன். செட்டிங்கில் போய், கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும் டிக்கை எடுத்துவிட்டேன். பாதிப் புள்ளிகள் போயின, பாதி நின்றன. நின்றவை படத்திலேயே இருக்கும் அழுக்கு என்று முடிவு கட்டினேன். மட்டமான போன், துடைக்காத லென்ஸ், வேறென்ன இருக்கும்? ஆத்திரத்தோடு ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி அழித்தேன். விரல் பாட்டுக்கு சேவ் செய்துகொண்டிருந்தது. அப்படியும் புதிது புதிதாக முளைக்கவே, கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமில் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை ஏற்றி, மெஷினை அணைத்துப் போட்டேன்.

திரை கழுவிவிட்டதுபோல் வந்தது. ஒரு புள்ளி இல்லை. அவர் முகமும் பளிச்சென்று இருந்தது. இத்தனை மாதம் ஆட்டம் காட்டியதை மடக்கிவிட்டேன் என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் வந்தவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "கன்னத்துல ஒரு மச்சம் இருக்குமே. அது எங்கங்க?"

கார்டைத் திறந்தேன். அதில் இருந்ததும் நான் துடைத்த முகம்தான். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

"என் தப்புதாங்க. அழுக்குன்னு நெனச்சு அழிச்சுட்டேன். திரும்ப வச்சுத் தர்றேன், எடத்த மட்டும் சொல்லுங்க."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் இங்கிட்டு" என்றார். நகர்த்தினேன். "கீழ. இல்லங்க, இம்புட்டுப் பெருசு இல்ல." சிறிதாக்கினேன். "அங்கிட்டுக் கன்னத்துல வச்சுப் பாருங்க."

மாற்றி வைத்தேன். அவர், எதிரே ஒருவர் நிற்பதுபோல் கையைத் தூக்கி, காற்றில் அந்தக் கன்னத்தைத் தேடினார். கை வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது, அப்படியே நின்றது. என் போனை வாங்கி மகளுக்குப் பேசினார். மகள் இடது என்றாள். கொழுந்தனுக்குப் பேசினார். அவர் வலது என்றார். அந்தப் பெண் போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுச்சுங்க. இந்தப் படத்தப் பாத்ததுலேருந்து மச்சம் இல்லாமத்தான் ஞாபகம் வருது."

கடைசியில் அவரே இடது கன்னத்துப் புள்ளியைக் காட்டினார்.

"இதுவே இருக்கட்டுங்க. பாக்கப் பாக்கப் பழகிரும்."

பழகிவிடும் என்று எனக்கும் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புதிதாகப் பிரிண்ட் போட்டுத் தந்த படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அன்றிலிருந்து என் திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.