அப்பாவின் சரணமும் அத்தையின் ட்ரம்பெட்டும்

எங்கள் அப்பாவுக்குத் தன் குரலைப் பற்றி எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. சைதாப்பேட்டையில் நாங்கள் போகும் சர்ச்சில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் ஒரு சரணத்தைத் தனியாகப் பாடுவது அவர்தான். அதற்காக டிசம்பர் பிறந்ததும் ஐஸ் வாட்டரைத் தொடமாட்டார். அவருடைய சந்தேகமெல்லாம் ஆர்கன் மேல்தான். அதை வாசிப்பது அவருடைய அக்கா, என் அத்தை. அப்பா வாயைத் திறந்தாரோ இல்லையோ, அத்தை ஆர்கனிலேயே ஒரு ட்ரம்பெட் முழக்கத்தைக் கிளப்பிவிடுவார். "அக்கா கொஞ்சம் அடக்கி வாசிச்சா என் குரல் வாசல் வரைக்கும் கேக்கும்" என்று வருஷா வருஷம் வீட்டுக்கு வந்ததும் அப்பா புலம்புவார். அம்மா கேக்கை வெட்டிக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தைக்கு இது பொறாமை இல்லாமல் வேறென்ன? என் அப்பா பாடிப் பேர் வாங்கிவிடக் கூடாதாம்.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது நியாயம் என் கைக்கே வந்து சேர்ந்தது. எங்கள் சர்ச்சில் இருந்தது எலெக்ட்ரானிக் ஆர்கன். கட்டைகளுக்கு மேலே வரிசையாக வெள்ளைத் துண்டுகள் இருக்கும். அவற்றுக்கு ஸ்டாப் என்று பெயர். ஒன்றைக் கீழே தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் ட்ரம்பெட், நாலைந்தைச் சேர்த்துத் தட்டினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். மேலே தள்ளினால் அந்த ஒலி போய்விடும். வாசிக்கும்போது அத்தைக்குக் கையும் காலும் வேலையாக இருக்கும் என்பதால், அவர் தலையசைத்ததும் ஸ்டாப்பைத் தட்டும் பதவி அந்த வருஷம் எனக்குக் கிடைத்தது.

அப்பாவின் சரணம் வந்தது. அத்தை ட்ரம்பெட்டைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எல்லாவற்றையும் மேலே தள்ளிவிட்டு ஒரே ஒரு புல்லாங்குழலை மட்டும் விட்டுவைத்தேன். சர்ச் முழுக்க அப்பாவின் குரல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வரியிலேயே ஆர்கன் கெட்டுப்போனது. அப்படித்தான் நினைத்தேன். அப்பா ஒரு பக்கம் போனார், புல்லாங்குழல் வேறு பக்கம் போனது. முன்வரிசை ஆன்ட்டிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா அதைப் பார்த்துவிட்டார். குரல் தடுமாறியது. பாவம், பாதியில் நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன்.

அத்தை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆர்கனின் ஓரத்தில் சுருதியை ஏற்றி இறக்கும் குமிழ் ஒன்று உண்டு. வரி முடிந்து அப்பா மூச்சு வாங்கிய நேரத்தில் அதைக் கொஞ்சம் இறக்கினார். ஆர்கன் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அப்பா இன்னும் இறங்கினார்; அத்தையும் கூடவே இறங்கினார். அப்பாவுக்குத் தெம்பு வந்து, கடைசி வரியைக் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடி முடித்தார். அடுத்துப் பல்லவியில் சேர்ந்துகொண்ட பாடகர் குழுதான், பாவம், பாதாளத்தில் துழாவியது.

ஆராதனை முடிந்து வெளியே வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இன்னைக்குத்தான்க்கா ஆர்கன் என் குரலுக்கு ஒத்துப் போச்சு" என்றார்.

அத்தை அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தபடி, "ஆமாண்டா. இத்தனை வருஷமா ஆர்கன் மேலதான் தப்பு" என்றார்.

கடைசியில் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டார் பாருங்கள். எனக்கு வெற்றி தலைக்கேறியது. சரி, வயதில் பெரியவர், போனால் போகிறது என்று அத்தையை அன்றே மன்னித்துவிட்டேன்.